நாற்பத்தோரு நாள் துரத்திய நாய்

வட்டான்குளத்தில் எந்தத் தெருவில் கிளம்பினாலும் கிளம்பின இடத்துக்கே வந்து சேரலாம், ஏனென்றால் ஊர் முழுவதும் ஒரு குளத்தைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தது. குளத்தைச் சுற்றி ஒரே தார்ச்சாலை, சாலைக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வீடு, டீக்கடை, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மறுபடியும் வீடு. அந்தச் சாலையில் ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு முட்டைக்கார மாசானத்தின் சைக்கிளைச் செம்மண் நிற நாய் ஒன்று துரத்த ஆரம்பித்து, ஒன்பது மணிக்கும் துரத்தி, மத்தியானமும் துரத்தி, விளக்கு வைத்த பிறகும் துரத்தி, மறுநாள் காலை எட்டே காலுக்கும் அதே சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோதுதான், இது வழக்கமான துரத்தல் இல்லை என்று ஊருக்குப் புரிந்தது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

வட்டான்குளத்தில் முப்பத்துச் சொச்சம் நாய்கள் இருந்தன. ஒன்றுக்கும் சொந்தக்காரர் கிடையாது. சோறு வைப்பவர்கள் உண்டு, குட்டியாக இருந்தபோது தூக்கிக் கொஞ்சியவர்கள் உண்டு, மழையில் உள்ளே விட்டவர்கள் உண்டு. ஆனால் நாய் யாரையாவது விரட்டி, சைக்கிள் சரிந்து, முழங்கை தேய்ந்து, இது யார் வீட்டு நாய் என்று ஒரு குரல் எழும்பிவிட்டால், சோற்றுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே "நம்ம நாய் இல்லையே" என்று சொல்லும் திறமை அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட உண்டு. ஊராட்சியிலிருந்து ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, நாய் வளர்ப்பவர்கள் கட்டிப்போட்டு வளர்க்க வேண்டும் என்று இரண்டு நாள் கத்திப் பார்த்தார்கள். எல்லோரும் வாசலுக்கு வந்து, மிகச் சரியான யோசனை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

இந்தக் கதைக்குரிய செம்மண் நிற நாய் ஆவுடையம்மாளின் நாய். அது அவளுக்குத் தெரியும், நாய்க்குத் தெரியும், மூன்றாவதாக யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

ஆவுடையம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊரில் அவளுக்குப் பெயர் சாரம்மா, அதாவது தலைமையாசிரியராக இருந்த பெரிய சாருடைய மனைவி. சார் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரில் இருந்த அந்த வீட்டில் ஐந்து அறைகளும் அவளும் மட்டும் இருந்தார்கள். ஊர் அவளை மதித்தது, வணங்கியது, வழிவிட்டது. உட்கார்ந்து பேசுவதற்கு மட்டும் யாரும் வரவில்லை. பெரிய சார் வீட்டுக்குள் காரணமில்லாமல் யார் நுழைவார்கள்?

துரத்தல் ஆரம்பித்ததற்கு முந்தின நாள் திங்கட்கிழமை மாசானம் அவள் வாசலில் வந்து நின்றான். வீடு வீடாகப் போய் நாட்டுக்கோழி முட்டை வாங்கிக் கேரியர் கூடையில் வைக்கோல் பரப்பி அடுக்கி டவுனில் கொண்டுபோய் விற்பவன் அவன். முழங்காலில் மஞ்சள் பற்று போட்டிருந்தான்.

"யம்மா, உங்க நாயக் காலையில ஒரு மணி நேரம் மட்டும் கட்டிப் போடுங்கம்மா. ரெண்டு தடவ விழுந்துட்டேன். முட்டை போனா போகுது, நாளைக்குக் கோழி போடும். என் கால் போச்சுன்னா யாரு போடுவா?"

"அது என் நாயில்லப்பா" என்றாள் ஆவுடையம்மாள். "எங்கயிருந்தோ வரும், போகும். மிச்சச் சோத்த வைப்பேன். அவ்வளவுதான்."

"உங்க வீட்டுக்குள்ள இருந்துதான் ஓடிவருதும்மா."

"கதவு திறந்து கிடந்தா எந்த நாயும்தான் வரும்."

சார் வீட்டம்மா பொய் சொல்வாள் என்று நினைப்பதற்கு அவனுக்கு மனம் வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அவள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நாய் உள்ளே சாருடைய சாய்வு நாற்காலிக்கு அடியில் படுத்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் பொய் சொன்னதற்குக் காரணம் நாயைக் கட்டிப்போடுவதில் வெறுப்போ, மாசானத்தின் மேல் அலட்சியமோ இல்லை. என் நாய்தான் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன வரும்? நாய்க்கு என்ன பேரு என்று வரும். அந்தக் கேள்விக்கு அவளிடம் இருந்த பதிலை உலகத்தில் யாரிடமும் சொல்ல முடியாது.

அவளுடைய கணவர் பெயர் கைலாசம். முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் அவள் அந்தப் பெயரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று தாய் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரேஷன் கடையிலும் பேங்க்கிலும் கணவர் பெயர் கேட்டால், "பள்ளிக்கூட வாசல் வளைவுல எழுதியிருக்கும், பாத்து எழுதிக்கிடுங்க" என்பாள். குளத்துக்குத் தென்கரையில் இருக்கும் கைலாசநாதரை "நம்ம கோயில் சாமி" என்றுதான் சொல்லுவாள். சிவபெருமான் எந்த மலையில் இருக்கிறார் என்று யாராவது கேட்டிருந்தால் "வடக்க ஒரு மலையில" என்று சொல்லியிருப்பாள். இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் சார் அறுபத்து மூன்று வயதில் ஒரு மத்தியானம் பேப்பர் படித்துக்கொண்டே போய்விட்டார். குறைவதற்கு இனி ஆயுசு இல்லை என்றான பிறகும் அந்தப் பெயர் அவள் தொண்டைக்குள் அப்படியே இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஐப்பசி மழையில் கொல்லைக் கதவு வழியாக இந்த நாய் உள்ளே வந்து, ஈரத்தோடு, யாரோ காட்டிவிட்ட மாதிரி நேராக நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்தது. அவள் விரட்டவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் வாய் தானாக, "கைலாசம், சாப்பிட வாங்க" என்றது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்து எழுந்து வந்தது. ஆவுடையம்மாள் கதவு சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதாள். அதன் பிறகு தினமும் சொன்னாள். "கைலாசம், வெயில் ஏறிட்டு பாத்தீங்களா", "கைலாசம், இன்னைக்கு உப்பு கூடிப்போச்சு". சொல்லும்போதெல்லாம் பக்கத்து அறையில் யாரோ பேப்பரைத் திருப்புவதுபோல் இருக்கும். முப்பத்து நான்கு வருஷத்துக்கும் சேர்த்து அவள் சொல்லித் தீர்த்தாள், சாத்திய கதவுக்குள், மெல்லிய குரலில். ஒழுக்கத்துக்கே பெயர்போன பெரிய சாருடைய பெயரை அவர் மனைவி தெருநாய்க்கு வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று நினைக்கும்போதெல்லாம் அவள் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வாசலைத் தாண்டிய சைக்கிளின் பின்னால் நாய் பாய்ந்து ஓடியபோது, மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாசலைத் தாண்டியது, தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தது, போய்விட்டது.

முதல் மூன்று நாள் ஊர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தது. வலை கட்டினார்கள்; நாய் தாண்டிவிட, வலையில் மூன்று ஆட்கள் சிக்கினார்கள். கேரியரைப் பிடித்து நிறுத்தப் போன இரண்டு பேர் கையை எடுக்க முடியாமல் நான்கு சுற்று கூடவே ஓடி, கைலாசநாதர் கோயில் வாசலில் மூச்சு வாங்கி விழுந்தார்கள். டவுன் ரோட்டுப் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பச் சொன்னார்கள். மாசானம் திருப்பினான், டவுன் ரோட்டில் நூறு அடி போனான், அந்த ரோடு அவனை மறுபடியும் குளத்தங்கரைக்கே கொண்டுவந்து விட்டது. மிதிக்காமல் விட்டுப் பார் என்றார்கள். "நான் எங்க மிதிக்கேன், அதுதான் என் காலச் சுத்துது" என்று கத்திக்கொண்டே போனான்.

நான்காம் நாளிலிருந்து ஊர் அதைப் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் ஒரு மூங்கில் கழியின் நுனியில் தூக்குவாளியை மாட்டி நீட்ட, மாசானம் எடுத்துக் குடித்துவிட்டு அடுத்த சுற்றில் திருப்பி மாட்டினான். இட்லியைப் பொட்டலமாகக் கட்டி எறிந்தார்கள், சட்னியை எறிவதில்லை என்று முதல் நாளே முடிவானது. பஞ்சர் கடைக்காரர் கூடவே ஓடிக் காற்றடித்தார். முடி திருத்துபவர் தன் மச்சானுடைய சைக்கிளில் பின்புறமாக உட்கார்ந்து பக்கத்திலேயே வந்து சவரம் செய்துவிட்டார், ஐந்து சுற்றில் முடித்தார், ஒரு கீறல் இல்லை. பெண்கள் குடத்துத் தண்ணீரை வீசிக் குளிப்பாட்டினார்கள். கரையின் நேரான பகுதியில் மாசானம் ஹேண்டில்பாரில் தலை சாய்த்துத் தூங்கி, தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் விழித்துக்கொள்ளக் கற்றான். மற்ற காரியங்களை எப்படிச் சமாளித்தான் என்று கேட்பவர்கள் நாகரிகம் இல்லாதவர்கள். வட்டான்குளத்தில் யாரும் கேட்கவில்லை. ஊராட்சித் தலைவர் ஆறுமுகநயினார் தன் சொந்தப் பொறுப்பில் இரண்டு வேகத்தடைகளை வெட்டி எடுக்கச் சொன்னார். டவுன் பஸ் அவன் பின்னால் ஹாரன் அடிக்காமல் பொறுமையாக வந்தது. "ரெண்டு மாசானம் கழிச்சு வாரேன்" என்று சொன்னால் இருபத்து நான்கு நிமிடத்தில் வருவதாக அர்த்தம் என்று குழந்தைகளுக்கும் தெரிந்தது.

இருபத்தோராம் நாள் கேரியர் கூடையிலிருந்த முட்டைகள் பொரித்தன. வைக்கோலின் சூட்டிலும் ஓட்டத்தின் சூட்டிலும் பதினெட்டுக் குஞ்சுகள் வெளியே வந்து, குளத்தைச் சுற்றிக் கீச்சிட்டுக்கொண்டே போயின. ஊரே கரையில் நின்று கைதட்டியது. அதற்குப் பிறகு புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை என்றாகி, ஒவ்வொருவராகத் தங்கள் வேலைக்குப் போனார்கள். இதைத்தான் கொடுமை என்று சொல்ல வேண்டும். ஒரு மனிதன் நிற்க முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறான், ஊர் அவனை வைத்து மணி பார்க்கிறது.

கரையில் மிச்சம் இருந்தது அவன் மனைவி பேச்சித்தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான். ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியம்தான் பேச முடியும். "சின்னவளுக்குக் காய்ச்சல்" என்று அவள் சொன்னால், "கசாயம் குடுத்தியா" என்பது பன்னிரண்டு நிமிடம் கழித்து வரும். ஒரு சண்டை போட்டு முடிக்க ஒரு பகல் ஆனது. சமாதானத்துக்கு மறுநாள் மத்தியானம் வரை ஆனது.

இதையெல்லாம் ஆவுடையம்மாள் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றுத் தட்டை வாசலில் வைப்பாள், நாய் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும், சோறு காயும். வீட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. சார் போனபோது இருந்ததைவிட இப்போது வீடு பெரிதாக இருந்தது. அடுப்பு மூட்டாமல் இரண்டு நாள் கிடந்தாள், ஏனென்று கேட்க நாதியில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கத்தினால் நாயும் நிற்கும், சைக்கிளும் நிற்கும் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

முப்பதாம் நாள் நயினார் ஒரு யோசனை சொன்னார். "எந்த நாய்க்கும் யாராச்சும் ஒரு பேரு வச்சிருப்பாம்லா. வச்சவன் கூப்பிட்டா நிக்கும். மானக்கேடுன்னு பாக்காம ஆளுக்கு ஒரு பேரச் சொல்லிக் கூப்பிடுங்க." ஊரே வாசலில் நின்றது. மணி என்றார்கள், டைகர் என்றார்கள், ராஜா, கருவாயா, ஜிம்மி, செவல, வேட்டை என்றார்கள். ஒருவர் தன் சம்பந்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கூட்டத்தில் இருந்த சம்பந்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். குளத்தைச் சுற்றி ஐந்நூறு பெயர்கள் பறந்தன, எதற்கும் நாய் காதை அசைக்கவில்லை.

"சாரம்மா, நீங்களும் ஒரு வார்த்த கூப்பிடுங்க" என்றார் நயினார்.

அவள் படியிறங்கி நின்றாள். சைக்கிள் வந்தது. மாசானத்தின் கண்கள் குழிக்குள் போயிருந்தன, கழுத்தெலும்பு தெரிந்தது. அவன் பின்னால் நாய் அவளைப் பார்த்து, ஓட்டத்தை ஒரு கணம் தளர்த்தி, வாலை ஆட்டியது. ஆவுடையம்மாள் வாயைத் திறந்து, "மணி" என்றாள்.

நாய் வாலைத் தாழ்த்திக்கொண்டு ஓடியது. அவள் தன் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அதுதான், அதற்கு ஊரே சாட்சி, ஊருக்கு அது தெரியவும் இல்லை.

நாற்பதாம் நாள் சாயங்காலம் பேச்சித்தாய் வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வா என்று ஆவுடையம்மாள் சொன்னதற்கும் வரவில்லை.

"நாப்பது நாளாக் கரையில உக்காந்து அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேம்மா. அந்த நாய் வேற எந்த வீட்டயும் பாக்க மாட்டக்கு. உங்க வாசல் வந்தா மட்டும் தலையத் திருப்புது."

ஆவுடையம்மாள் ரோட்டைப் பார்த்தாள்.

"நான் ஊருல சொல்லல, சொல்லவும் மாட்டேன். கம்பவுண்டர் இன்னைக்குக் கூடவே ஸ்கூட்டர்ல போயி நாடி பாத்தாரு. இன்னும் ரெண்டு நாளு தாங்குனா பெருசுங்காரு. நேத்து தொட்டித் திருப்பத்துல கண்ணசந்து தண்ணிக்குள்ள போயிருப்பாரு. என்ன பேரு வச்சிருக்கீயன்னு நான் கேக்கல. கூப்பிட்டா மட்டும் போதும்."

"அந்தப் பேர நான் வெளிய சொல்ல முடியாது தாயி" என்றாள் ஆவுடையம்மாள். வேறு எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

பேச்சித்தாய்க்குக் கோபம் வந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது. "நான் மட்டும் என்னம்மா செய்யேன்? கட்டி வந்து எட்டு வருசம், அவரு பேரச் சொன்னதே கிடையாது. இப்ப அவரு தூங்கி விழுந்துரக் கூடாதேன்னு நடுரோட்டுல நின்னு மாசானம், மாசானம்னு மணிக்கு அஞ்சு தடவ கத்துதேன். சின்னப் பயலுவ எல்லாம் என்னப் பாத்து அப்படியே கத்திச் சிரிக்கானுவ. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுவ. எனக்கு ஆளு வேணும்மா."

சொல்லிவிட்டு, அடுத்த சுற்றுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். ஆவுடையம்மாள் அவள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஆள் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லும் தைரியம் இத்தனை வருஷத்தில் தனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று நினைத்தபோது, அவளுக்குப் பேச்சித்தாயைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

மறுநாள் பெரிய சாருடைய முதல் வருஷ நினைவு நாள். சாருடைய தம்பி தாணுமூர்த்தி பள்ளிக்கூட வாசலில் பந்தல் போட்டு, வளைவுக்குப் புது வர்ணம் அடித்து, அண்ணன் படத்துக்கு ரோஜா மாலை போட்டு, மைக் கட்டியிருந்தார். சாரிடம் படித்தவர்கள் டவுனிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். முதல் வரிசை நாற்காலியில் ஆவுடையம்மாளை உட்காரவைத்தார்கள். நயினார் பேசினார். கைலாசம் சாரிடம் அடி வாங்கியதால்தான் தான் இன்று தலைவராக இருப்பதாகச் சொன்னார், கைலாசம் சாருக்குப் பொய் என்றாலே ஆகாது என்றார், கைலாசம் சார் இந்த ஊருக்குப் பொறுப்பு என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தார் என்றார். பேச்சுக்கு நடுவில் மாசானம் இரண்டு முறை பந்தலைத் தாண்டிப் போனான். யாரும் தலையைத் திருப்பவில்லை, பழகிவிட்டது.

மூன்றாம் முறை அவன் வந்தபோது சைக்கிள் தள்ளாடியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எங்கோ தூரத்தில் பேச்சித்தாயின் குரல் கிழிந்து கேட்டது, அவன் விழிக்கவில்லை, சைக்கிள் தண்ணீர்ப் பக்கமாக ஒதுங்கியது. ஆவுடையம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ரோட்டுக்கு ஓடினாள்.

"கைலாசம்!"

வாழ்நாளில் இரைந்து பேசாத அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது. "கைலாசம்! போதும், வீட்டுக்கு வாங்க!"

மைக் நின்றது. ஒரு வருஷம் அடக்கி வைத்த துக்கம் உடைந்துவிட்டது, புருஷன் பேரையே சொல்லிக் கூப்பிடுகிறாளே பாவம் என்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். டவுனிலிருந்து வந்த ஒரு வக்கீல் தேம்பியே விட்டார்.

நாய் நின்றது. நாற்பத்தோரு நாளில் முதல்முறையாக நான்கு காலும் தரையில் பட நின்று, திரும்பி, மெதுவாக நடந்து பந்தலுக்கு முன்னால் வந்து, ஆவுடையம்மாளின் காலடியில் படுத்தது. சைக்கிள் தண்ணீருக்கு இரண்டு சாண் தள்ளிச் சரிந்தது. குஞ்சுகள் சிதறி ஓடின. மாசானம் புழுதியில் கிடந்தான், கால்கள் இரண்டும் காற்றை மிதித்துக்கொண்டிருந்தன.

கண்ணைத் துடைத்த முந்தானைகள் அப்படியே நின்றன. முதலில் பேசியது தாணுமூர்த்தி. "மதினி, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? நாய்க்கா? அண்ணன் பேர நாய்க்கா வச்சிருக்கீங்க?"

"ஆமா" என்றாள் ஆவுடையம்மாள். "இது என் நாய். நான்தான் வளக்கேன். மாசானம் கட்டிப்போடச் சொன்னப்ப இல்லன்னு சொன்னேன், பொய். அவன் விழுந்ததுக்கும், இத்தன நாள் சுத்துனதுக்கும் நாந்தான் பொறுப்பு. அந்தப் பேரச் சொல்லணும்போல இருந்துச்சு தம்பி. வீட்டுல வேற யாரும் இல்ல."

தாணுமூர்த்தி அண்ணன் படத்தை எடுத்துத் துண்டால் துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதன் பிறகு அவர் அந்த வாசல் பக்கம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆள் வைத்து, வளைவில் கைலாசம் என்ற பெயருக்குப் பக்கத்தில் எம்.ஏ., பி.டி. என்று எழுதச் சொன்னார், நாய்க்கும் சாருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று.

மாசானத்தின் கால்கள் கட்டிலில் கிடந்தபடி மூன்று நாள் மிதித்துவிட்டுத்தான் ஓய்ந்தன. ஆவுடையம்மாள் தினமும் காலையில் அவன் வீட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். சார் வீட்டம்மா நம்ம காலத் தொடுறதாவது என்று அவன் கூசிக் காலை இழுத்துக்கொண்டான், "நீட்டுப்பா" என்றாள். ஒரு மாதத்தில் அவன் எழுந்து நடந்தான். டவுனுக்கு ஆளனுப்பி நல்ல கெட்டிச் சங்கிலியாக வாங்கிவரச் சொல்லி, கொல்லையில் கல்தூணில் மாட்டினாள். அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ரோஷம் வந்ததோ பயம் வந்ததோ, வட்டான்குளத்தில் முப்பத்துச் சொச்சம் நாய்களுக்கும் அந்த ஆவணிக்குள் ஆள் கிடைத்து, கயிறு கிடைத்து, பெயர் கிடைத்தது.

கைலாசத்தின் பெயரையும் ஊர் பழகிக்கொண்டது. முதல் வாரம் அதைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது, சாரிடம் படித்தவர்கள் நாயைக் கண்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒதுங்கிப் போனார்கள். இரண்டாம் வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று, "ஏல கைலாசம், பிஸ்கட் வேணுமா" என்றார்கள். மூன்றாம் வாரம் டீக்கடையில், "கைலாசத்துக்கு வயிறு சரியில்லையாம், புல்லத் திங்குது" என்று பேச்சு நடந்தது, ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புரட்டாசி பிறக்கும்போது வட்டான்குளத்தில் கைலாசம் என்றால் அது செம்மண் நிறத்தில், வலது காது மடங்கி, சாரம்மா வீட்டுக் கொல்லையில் கட்டிக் கிடக்கும்.

சாயங்காலம் அவள் அதைச் சங்கிலியோடு கரையில் நடத்திக்கொண்டு போவாள். டவுனிலிருந்து திரும்பும் மாசானம் தூரத்திலேயே பெல் அடிப்பான். அவள் சங்கிலியை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு ஓரமாக நிற்பாள்.

"கைலாசத்தக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்கம்மா."

"பிடிச்சிருக்கேன்பா, நீ பாத்துப் போ."

அவன் நிறுத்தாமல் போய்விடுவான், அவனுக்கு வீட்டில் ஆள் காத்திருந்தது.

ஒருநாள் அப்படி நடந்துவிட்டு வந்து, நாயைக் கொல்லையில் கட்டிவிட்டு, ஆவுடையம்மாள் விளக்கேற்றினாள். கதவைச் சாத்த வேண்டிய அவசியம் இப்போது இல்லை, ஆனாலும் சாத்தினாள். சன்னலையும் சாத்தினாள். சாய்வு நாற்காலிக்கு எதிரில் முன்போல உட்கார்ந்து, முன்போல மெல்லிய குரலில், "கைலாசம்" என்றாள்.

கொல்லையில் சங்கிலி சலசலத்தது. நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, ஒரு குரல் குரைத்துப் பதில் சொன்னது. அவள் பக்கத்து அறையைப் பார்த்து, பேப்பர் திருப்பும் சத்தத்துக்காக வெகுநேரம் காத்திருந்தாள். மறுபடி ஒருமுறை சொன்னாள். மறுபடியும் நாய்தான் குரைத்தது.

"வாரேன், வாரேன், கத்தாத" என்று சொல்லிவிட்டு, ஆவுடையம்மாள் எழுந்து சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.